மாணவராட்சியா? மணியடிக்கும் ஏவலா?

ஆண்டுதோறும் செபுதம்பர்த் திங்கள் 5ஆம் நாள் வந்துவிட்டால் நம் பள்ளிகள் பலவற்றில் ஒரு கூத்து நடக்கும். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாயின் புடவையைச் சுற்றிக்கொண்டு தமிழாசிரியை ஆவாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு தலைமையாசிரியர் இருக்கையில் அமர்வான். ஆசிரியப் பெருமக்கள் பின்வரிசையில் அமர்ந்து சிரித்து மகிழ்வர். மாலை மணி அடித்ததும் கண்ணாடி கழன்றுவிடும், புடவை மடிக்கப்பட்டுவிடும். இதற்கு மாணவர் தன்னாட்சி நாள் என்று பெயர்!

இந்நாளுக்குரிய சர்வபள்ளி இராதாகிருட்டிணன் 1888இல் பிறந்தது திருத்தணி மண்ணில். 1962இல் அவர் குடியரசுத் தலைவரான பின்னரே அவர் பிறந்தநாள் ஆசிரியர் நாளாயிற்று. வடமொழி மெய்ப்பொருளை உலகுக்கு விரித்துரைத்த அவர், தாம் பிறந்த மண்ணின் மொழியை எவ்வளவு கருதினார் என்பது தனியே ஆராயத்தக்கது. ஈண்டு அது வேண்டா. ஈண்டுக் கேட்க வேண்டுவது ஒன்றே. தணிகை மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்று அடியார் கூறுவர். அம்மலையடியில் பயிலும் மாணவனுக்கோ ஆட்சிப் படி ஒன்றே ஒன்று. ஏறிய அன்றே இறங்கிவிட வேண்டும். எஞ்சிய 364 நாளும் அவன் யார்?

எஞ்சிய நாள்களில் அவனுக்குப் பெயர் 'எசு.பி.எல்.' என்பது. வகுப்புக்கு வகுப்பு ஒரு 'லீடர்'. விளையாட்டுக்கு ஒரு 'கேப்டன்'. இவர்களைத் தேர்ந்தவர் யார்? பெரும்பாலும் மாணவர் அல்லர். உயரமானவன், உரத்த குரலினன், மதிப்பெண் மிக்கவன், அல்லது ஊர்ப் பெரியவர் ஒருவரின் மகன் என்று பார்த்து ஆசிரியரே சுட்டுவிரல் நீட்டிவிடுவார். அவன் செய்யும் பணிதான் யாது? மணியடித்தல், காலை வணக்கத்தில் வரிசையை நேராக்குதல், சுண்ணக்கட்டி கொண்டுவருதல், ஆசிரியர் இல்லாதபோது பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைத்தல். ஆட்சி என்னுஞ் சொல் 'ஆள்' என்னும் வினையடியாகப் பிறந்தது. ஆள்பவன் ஏவப்படுபவனாக இருத்தல் இயலுமா? உடன்பயில்வோரைக் காட்டிக்கொடுப்பதற்குத் தலைமை என்று பெயரிட்டது எந்நாட்டு வழக்கு?

இது நம் நாட்டு வழக்கன்று. இங்கிலாந்தில் இரக்பி என்னும் பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராயிருந்த தாமசு ஆர்னால்டு, மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு கீழ்வகுப்பாரை அடக்கியாளும் முறையை நிலைபெறச் செய்தார். அம்மேல்வகுப்பார்க்குப் பிரம்படி கொடுக்கும் உரிமையும் இருந்தது. பிறநாடுகளை ஆளப்போகும் பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்த பயிற்சி அது. ஆண்டவன் போய்விட்டான், அவன் பயிற்சி முறை மட்டும் ஆளப்பட்டவன் வீட்டுப் பிள்ளையின் சட்டையில் ஊசி குத்தித் தொங்குகிறது.

அங்ஙனமாயின் தமிழர்க்கென மாணவர் தலைமை முன்பு இருந்ததில்லையா எனின், இருந்தது. திண்ணைப்பள்ளியில் ஆசிரியர்க்கு அடுத்தபடி நின்றவன் சட்டாம்பிள்ளை. மூத்த மாணவனாகிய அவன் இளையார்க்கு எழுத்தும் எண்சுவடியும் சொல்லிக் கொடுப்பான். எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்டுரூ பெல் என்னும் இசுக்காட்டுலாந்துக் குருவானவர், மணலில் விரலால் எழுதிப் பழகும் முறையை இந்நாட்டுப் பள்ளியொன்றிற் கண்டு எடுத்துக்கொண்டார்; மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் முறையையும் இங்கே செய்து பார்த்தார். அதனை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்று பெயர் பெற்றது. நம் மண்ணில் விளைந்ததை அவன் பெயர் மறவாமல் வழங்கினான். நாமோ சட்டாம்பிள்ளை என்னுஞ் சொல்லையே நகைச்சுவைப் படத்திற்கு விட்டுவிட்டு 'லீடர்' என்கிறோம். ஆயினும் உண்மையை மறைத்தலாகாது. சட்டாம்பிள்ளையும் மாணவரால் தேரப்பட்டவன் அல்லன்; அவன் கையிலும் பிரம்பு இருந்தது. பழஞ்சொல்லை மீட்கலாம், பிரம்பை மீட்க வேண்டா.

அண்மையில் தமிழக அரசு ஒன்று செய்தது. 2024 நவம்பர் 14ஆம் நாள் 'மகிழ் முற்றம்' என்னும் மாணவர் குழு அமைப்பை அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்திணைப் பெயரால் ஐந்து குழுக்கள். 'ரெட் அவுசு', 'புளூ அவுசு' என்று தனியார் பள்ளிகள் நிறத்தால் பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டிருக்கையில், அரசுப் பள்ளிப் பிள்ளை தன்னைக் குறிஞ்சிக் குழுவினன் என்று சொல்லிக்கொள்வது காதுக்கு இனிது. குன்றுதோறாடும் முருகன் ஊராகிய திருத்தணியில் அச்சொல் இன்னும் இனிது. இதைப் பாராட்டத் தயங்குதல் தகாது. ஆனால் பெயர் தமிழானதோடு பொருளும் தமிழாயிற்றா? குழுக்களிடையே போட்டி வைத்துப் புள்ளியிடுவது ஆங்கிலேயர் விடுதிப் பள்ளியின் 'அவுசு' முறையே. போட்டி வேறு, ஆட்சி வேறு. நால்வர் ஓடி ஒருவர் வெல்வது போட்டி. நானூற்றுவர் கூடித் தமக்கு வேண்டியதைத் தாமே பேசி முடிவு செய்து, செய்த முடிவுக்குக் கணக்கும் காட்டுவது ஆட்சி.

கணக்குக் காட்டுதல் என்றதும் உத்தரமேரூர் நினைவுக்கு வரும். திருத்தணிக்குத் தெற்கே காஞ்சி மாவட்டத்திலுள்ள அவ்வூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. மேடைதோறும் இதைத் 'தமிழன் கண்ட தேர்தல்' என்று முழங்குகிறோம். முழங்குவோர் கல்வெட்டைப் படித்தல் நன்று. முதலாவது, அது மறைநூல் ஓதிய பிராமணர் ஊரின் அவை. நிலமும் சொந்த மனையும் மறைநூற் பயிற்சியும் இல்லாதார் பெயரை ஓலையில் எழுதவே இயலாது. உழுதவனுக்கும் அவ்வூர்ப் பெண்டிர்க்கும் அக்குடத்தில் இடமில்லை. இரண்டாவது, அது ஒப்போலை எண்ணும் தேர்தலும் அன்று, திருவுளச் சீட்டு. 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை எழுதிக் குடத்திலிட்டு, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தார்கள்.

இவ்விரு குறையையும் ஒப்புக்கொண்ட பின்னும் அக்கல்வெட்டில் பள்ளிக்கு எடுத்துக்கொள்ளத்தக்கவை உள. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வரவொண்ணாது. அண்மையில் வாரியஞ் செய்தவன் மூன்றாண்டு விலகி நிற்க வேண்டும். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம் எனப் பணிக்கேற்பக் குழு. பிறப்புத் தகுதியையும் நிலத்தகுதியையும் தூக்கியெறிந்துவிட்டு இம்மூன்றையும் பள்ளி முற்றத்திற்குக் கொண்டுவந்தால் என்ன?

செய்முறை அரிதன்று. பள்ளி திறந்த முதல் திங்களுக்குள் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிரிவும் இரண்டு பேராளரைத் தேர்ந்தெடுக்கலாம். இருபாலாரும் பயிலுமிடத்து ஆண் ஒருவர், பெண் ஒருவர். வருகைப் பதிவேடே ஒப்போலையர் பட்டியல். நிற்க விரும்புவார் வகுப்பின் முன் ஐந்து நிமையம் தமிழில் பேச வேண்டும். இனிப்பு, துண்டறிக்கை, பெற்றோர் பணம் எதுவும் கூடாது. ஒப்போலை மறைவாக இடப்பட்டு, எல்லார் கண்முன்னும் மாணவராலேயே எண்ணப்பட வேண்டும். கை தூக்கச் சொல்லித் தேர்தல் நடத்துதல் தேர்தலே அன்று. ஆசிரியர் கண் எப்பக்கம் போகிறதோ அப்பக்கமே கைகளும் போகும். பேராளர் கூடிய பேரவை தனக்குள் தலைவரையும் செயலரையும் ஒப்போலையால் தெரியலாம்.

பணிக்குழுக்களை மட்டும் குடவோலையால் அமைத்தல் நன்று. குடிநீர், துப்புரவு, நூலகம், நண்பகலுணவு, தோட்டம் எனக் குழுக்கள். அரையாண்டுக்கு ஒருமுறை மாற்றம். ஒருமுறை இருந்தவன் பெயர் அடுத்த ஈராண்டு குடத்தில் விழலாகாது. எடுக்கும் கை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கையாகட்டும். இதனால் வாயாடியும் செல்வர் மகனும் மட்டுமன்றிக் கடைசி இருக்கையில் தலைகுனிந்திருக்கும் பிள்ளையும் ஒருநாள் பொறுப்பேற்பான். மாணவியர் கழிப்பிடத்தில் தண்ணீர் வருகிறதா என்பதை எழுதி வைக்க ஆய்வாளர் வரவேண்டுவதில்லை. அத்துன்பத்தை அன்றாடம் படும் எட்டாம் வகுப்பு மாணவியே தக்கவள். உணவுக்கூடத்திற்கு முட்டை எத்தனை வந்தது, தட்டிற்கு எத்தனை போயிற்று என்பதை எண்ணக் கணக்கறிவு மிகுதியாக வேண்டா.

பேரவை திங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும். பேசியது அனைத்தும் தமிழில் குறிப்பேட்டில் ஏற வேண்டும். ஆசிரியர் ஒருவர் உடனிருக்கலாம், பேசலாம், ஒப்போலை அவர்க்கில்லை. பேரவையின் வேண்டுகைக்குத் தலைமையாசிரியர் ஏழு நாளுக்குள் எழுத்தால் விடை தரவேண்டும். 'இயலாது' என்பதும் விடையே. ஏன் இயலாது என்று எழுதினாற் போதும். வரவுசெலவு சிறிதாயினும் திங்கள்தோறும் சுவரில் ஒட்டப்பட வேண்டும். மதிப்பெண்ணும் ஆசிரியர் பணியமர்த்தமும் பேரவையின் எல்லைக்குள் வாரா. ஒறுப்பும் வாராது, மாணவனை மாணவன் ஒறுக்கும் உரிமை எவ்வடிவிலும் கூடாது. பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வழக்கம் முதற் கூட்டத்திலேயே ஒழிய வேண்டும்.

'பள்ளியில் தேர்தல் வைத்தால் சாதி நுழைந்துவிடும்' என்பார் உளர். நுழைந்துவிடுமாம்! 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன்பயின்ற பள்ளி மாணவரே வீடு புகுந்து வெட்டினரே, அங்கே எந்தத் தேர்தல் நடந்தது? அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிற்றையும் நெற்றிக்குறியையும் பள்ளியில் தடுக்கப் பரிந்துரைத்தது. சாதி, வாயில்வழி கேட்டு நுழையக் காத்திருக்கவில்லை. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு முன்பே வந்து அமர்ந்துவிட்டது. வேற்றுத் தெருப் பிள்ளையோடு ஒரே குழுவில் தண்ணீர்த் தொட்டி கழுவும் கட்டாயம், அறவுரை நூறு செய்யாததைச் செய்யக்கூடும். ஒப்போலையில் சாதி பார்ப்பார்களே எனின், பார்க்கும் இடமுண்டு. அதனாலன்றோ பணிக்குழுவிற்குக் குடவோலை வேண்டப்பட்டது!

திருத்தணிக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இவ்வூரும் அப்பாற் போயிற்று. ம.பொ.சி.யும் இவ்வூர் வழக்கறிஞர் விநாயகமும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தாலும் மக்கள் உறுதியாலும், படாசுகர் தீர்ப்பின் வழியே 1960 ஏப்பிரல் 1ஆம் நாள் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. அப்போராட்டத்திற்கு நிலம் உழுதவர் ஒரு தமிழாசிரியர். எல்லைச் சிற்றூர்களில் பொருள் பெறாது தமிழ் கற்பித்த மங்கலங்கிழார் 1953இல் மறைந்தார்; திருத்தணி திரும்பி வந்ததை அவர் காணவில்லை. எம்மொழியில் ஆளப்படுவது என்று கேட்கத் துணிந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிக்குள் 'மே ஐ கம் இன்' என்று கேட்டுக் கதவருகே நிற்கிறார்கள்.

இப்பகுதிப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பலர். பேரவை தமிழில் நடப்பது அப்பிள்ளைகளை வெளியே நிறுத்தவன்று, உள்ளே அழைக்க. ஒரு பிள்ளை சொல் தடுமாறித் தெலுங்குச் சொல்லொன்றை இட்டால் அவை சிரித்தலாகாது. பக்கத்திலிருப்பவன் தமிழ்ச்சொல்லை எடுத்துக் கொடுக்கட்டும்; மொழி கற்பிக்க இதனினும் சிறந்த வகுப்பு ஏது? நமக்குப் பகை தெலுங்குப் பிள்ளை அல்லன். இருமொழியாளர் பிள்ளைகளையும் ஒருசேர ஊமையாக்கும் ஆங்கில மாயையே பகை.

'சிறுபிள்ளைகளால் ஆகுமா?' என்பது கடைசி மறுப்பு. இராசத்தானத்துத் திலோனியாவில் பகலெல்லாம் ஆடுமாடு மேய்த்து இரவில் படிக்கும் பிள்ளைகள், தம் இரவுப் பள்ளிகளுக்கெனத் தாமே நாடாளுமன்றம் தேர்ந்து, ஆசிரியர் வந்தாரா, விளக்கு எரிகிறதா என்று பார்த்து முறையிட்டார்கள். நீல் என்பார் 1921இல் தொடங்கிய, இங்கிலாந்திலுள்ள சம்மர்கில் பள்ளியில், ஆறு அகவைப் பிள்ளைக்கும் தலைமையாசிரியர்க்கும் ஒப்போலை ஒன்றே. 2000ஆம் ஆண்டில் அப்பள்ளியை மூடும் நிலைக்கு அந்நாட்டு ஆய்வாளர் தள்ளியபோது, வழக்குமன்ற அறைக்குள்ளேயே மாணவர் தம் பள்ளிக்கூட்டத்தைக் கூட்டி, அரசு முன்வைத்த உடன்பாட்டை ஏற்பதா மறுப்பதா என்று ஒப்போலையிட்டு முடிவு செய்தனர். பள்ளியும் நிலைத்தது.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்காற் பங்கினர் பெற்றோர். மைய அரசின் மாதிரி நெறிகள், பெற்றோர் விரும்பினால் பள்ளிப் பிள்ளைகளையும் குழுவிற் சேர்க்க இடந்தருகின்றன; சேர்த்தே ஆகவேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. தமிழகத்தில் 2024இல் குழுக்கள் திருத்தியமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்க்கு இடங்கள் தரப்பட்டன. பள்ளியைவிட்டுப் போனவனுக்கு இருக்கை. பள்ளியில் இருப்பவன் வெளியே! அக்கூட்டத்திற்கு அறை கூட்டி நாற்காலி தூக்கி வைப்பவனும் தேநீர் வாங்கி வருபவனும் மாணவனே அன்றோ? அந்நாற்காலிகளுள் இரண்டில் பேரவைத் தலைவரும் செயலரும் அமர்தல் வேண்டும். அடுத்து வரும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் திருத்தணி வட்டாரப் பெற்றோர் எழுந்து கேட்க வேண்டிய முதல் வேண்டுகை இது. இரண்டாவது, ஒப்போலைப் பெட்டிக்கு ஒரு பூட்டு.