தொழிற்சாலை வளரட்டும், நம்மையும் கேட்கட்டும்

கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அண்மையில் சங்கக் கூட்டத்திற்காகப் போயிருந்தோம். சம்பளம், மருத்துவ விடுப்பு என்று வழக்கமான பேச்செல்லாம் முடிந்து எழும் நேரத்தில், செம்பனைக் காட்டிலே முப்பது வருடம் உழைத்த ஓர் அம்மா எழுந்து நின்றார்.

"தம்பி, வேலிக்கு அந்தாண்ட இருக்கிற தொழிற்சாலையைப் பெருசாக்கப் போறாங்களாம். நம்ம லயத்துக்குப் பின்னால வரைக்கும் வருமாம். நம்மள யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே?"

கூட்டத்தில் ஒருவரிடமும் பதில் இல்லை. கிராணியிடம் போய்க் கேட்டோம். "கடிதம் வந்திருந்தா கம்பெனிக்குத்தான் வந்திருக்கும், எனக்குத் தெரியாதுங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தோட்டத்து மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஒரு தொழிற்சாலை தன் இடத்தை விரிவாக்க வேண்டுமானால், ஊராட்சி மன்றத்திடம் திட்ட அனுமதி கேட்க வேண்டும். மலாயில் 'கெபெனாரான் மெரஞ்சாங்' என்பார்கள். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், இதற்கு வழி சொல்கிறது. அந்த வட்டாரத்திற்கு உள்ளூர்த் திட்டம் இல்லாவிட்டால், அக்கம்பக்க நிலங்களின் உரிமையாளர்களுக்கு மன்றம் கடிதம் அனுப்ப வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுதலாம். மன்றம் அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். முடிவு பிடிக்கவில்லையென்றால், ஆட்சேபித்தவர் மேல்முறையீட்டு வாரியத்திற்கும் போகலாம்.

நல்ல சட்டந்தான். ஆனால் "நிலத்தின் உரிமையாளர்" என்ற சொல்லில்தான் நமக்குக் கதவு சாத்தப்படுகிறது. லயத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர் உரிமையாளர் அல்லர். உரிமையாளர் தோட்டக் கம்பெனி. பல சமயம் தொழிற்சாலைக்கு நிலத்தை விற்பதும் அதே கம்பெனிதான். பணம் வாங்கியவரிடமே போய் "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? புகையும் இரைச்சலும் லயத்துக்கு, கடிதம் மட்டும் கம்பெனிக்கு!

சரி, மன்றத்து உறுப்பினரிடம் முறையிடலாம் என்றால், அவர் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அல்லர். இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. அதற்குப் பின் உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. நமக்கு நிலமும் இல்லை, அந்த மன்றத்தில் ஓட்டும் இல்லை.

இதை எழுதுவதால் நாம் தொழிற்சாலைக்கு எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். சுங்கைவேயில் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1970களில் வந்தபோது, பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு மின்னியல் தொழிற்சாலைக்குப் போன நம் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கைகள் படித்தார்கள். ஷா ஆலாம் நகரம் சுங்கை ரெங்கம் தோட்டத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா, 1976 முதல் சீபீல்டு தோட்டத்தில் எழுந்தது. காடு தோட்டமாயிற்று, தோட்டம் நகரமாயிற்று. அதைத் தடுத்து நிறுத்த நம்மால் ஆகாது. நிறுத்த வேண்டும் என்றும் நாம் சொல்லவில்லை. அந்த மாற்றத்தைப் பற்றி, அங்கே குடியிருந்தவனிடம் பேசினார்களா என்பதே நம் கேள்வி.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுத் தூத்துக்குடி சாட்சி. அங்கே ஸ்டெர்லைட் தாமிர ஆலை, ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தியை 8 லட்சம் டன்னாக்க இரண்டாவது ஆலையைக் கட்ட முனைந்தது. பக்கத்துக் குமரெட்டியபுரத்து மக்கள் 2018 பிப்ரவரியில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நூறாவது நாளான மே 22ஆம் தேதி, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டது. அந்தத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. மறுநாள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விரிவாக்கப் பணிக்குத் தடை போட்டு, மக்களிடம் கருத்துக் கேட்கும்படி சொன்னது. அடுத்த சில நாளில், மே 28இல், ஆலையையே நிரந்தரமாக மூட மாநில அரசு உத்தரவிட்டது. 2024 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றமும் ஆலையின் மனுவைத் தள்ளிவிட்டது.

முதலிலேயே உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டியதை, பிணங்கள் விழுந்த பிறகு கேட்கச் சொன்னார்கள். உறவைப் பறிகொடுத்தவர் ஒரு பக்கம், வேலையைப் பறிகொடுத்த ஆலைத் தொழிலாளி மறுபக்கம். முதலாளிக்கும் அதில் லாபமில்லை.

நம் ஊரிலும் பாடம் உண்டு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்து, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் 1,292 இடங்களில் தண்ணீர் தடைப்பட்டது. தொழிற்சாலை எங்கே நிற்கிறது, அதன் கால்வாய் எங்கே போய் விழுகிறது என்பது வேலிக்குள் முடிந்துபோகும் விவகாரம் அல்ல.

ஆகவே, தோட்டத்துத் தோழர்களே, நம்மால் ஆனதை இன்றே தொடங்குவோம்.

முதலாவது, உள்ளூர்த் திட்டம். மலாயில் 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்'. எந்த நிலம் தொழிற்சாலைக்கு, எது வீட்டுக்கு என்று வரைவது இதுதான். இத்திட்டம் அமலுக்கு வந்துவிட்டால், நான் மேலே சொன்ன அக்கம்பக்கக் கடிதத்தைக் கூட அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இதன் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, பத்திரிகையில் விளம்பரம் செய்து, ஆட்சேபம் கேட்க வேண்டும். அங்கே நிலப் பட்டா கேட்க மாட்டார்கள். எவரும் எழுதலாம். பேச வேண்டிய நேரம் அதுதான். கிள்ளானோ ஷா ஆலாமோ கோல லங்காட்டோ, எந்த மன்றத்தின் கீழ் நம் தோட்டம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு கிளைச் செயலாளரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. நிபந்தனையோடு அனுமதி கொடுக்க மன்றத்திற்கு அதிகாரம் உண்டு. லோரி எந்தச் சாலையில் போகும்? கழிவு நீர் எங்கே போகும்? லயத்துக்கும் சுவருக்கும் எத்தனை அடி இடைவெளி? லயம் உடையுமானால், உடைக்கு முன்னே மாற்று வீடு எங்கே? தமிழ்ப்பள்ளி, கோயில் கதி என்ன? இவற்றை மலாயில் எழுதி, எல்லாரும் கையெழுத்திட்டு, ஒரு நகலைச் சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். அவரையாவது நாம் ஓட்டுப் போட்டுத்தானே அனுப்பினோம். படித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். வாய்ப் பேச்சு காற்றோடு போகும், காகிதம் கோப்பில் நிற்கும்.

அரசாங்கத்திடமும் ஒரு கோரிக்கை. 172ஆம் சட்டத்தில் "உரிமையாளர்" என்பதோடு "குடியிருப்பவர்" என்ற ஒரு சொல்லையும் சேருங்கள். அந்த ஒரு சொல்லால் எந்தத் தொழிற்சாலையும் மூடிவிடாது.

அடுத்த மாதம் அந்தத் தோட்டத்திற்கு மறுபடியும் போகிறோம். வெறுங்கையோடு அல்ல, மலாயில் எழுதிய மனுவோடு. முதல் கையெழுத்து, எழுந்து நின்று கேட்ட அந்த அம்மாவுடையதாக இருக்கட்டும்.