காயா இலையும் ஒரு கவுலும்

காயா என்றதும் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பெருமாள்தான் நினைவுக்கு வருவார். காயாம்பூ வண்ணன் என்று வாய் நிறையச் சொல்வோம். அந்தப் பூவை நேரில் பார்த்தவர் யார் என்று ஐயம்பேட்டைத் தறிகளுக்கு நடுவே நின்று கேட்டுப் பாருங்கள். வயதான ஒருவர் தலையசைத்தால் அதிசயம். முள்ளும் புதருமான குறுங்காட்டில் நிற்கும் சிறு மரம் அது. இலை தடித்து, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். பூ கொம்பின் நுனியில் வராது. இலை உதிர்ந்த கணுக்களில், மரத்தோடு ஒட்டிக்கொண்டு, கொத்துக் கொத்தாக நீலம் அப்பிக் கிடக்கும்.

பெருமாளுக்கு நிறம் கொடுத்த இந்த மரம் துணிக்கும் நிறம் கொடுத்தது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணிகள் ஐரோப்பாவில் பேர் வாங்கிய காலத்தில் அவற்றின் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்று வைத்தியர்கள் சொல்லும் சின்னஞ்சிறு செடியின் வேர் அது. வேர்ச்சாறு மட்டும் நூலில் நிற்காது. பிடித்துக்கொள்ளப் படிகாரம் போல ஒன்று வேண்டும். காயா மரம் மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைப்பது. அலுமினியம் என்ற பெயரே தெரியாத சாயக்காரர்கள் காயா இலையையும் கடுக்காயையும் சாயத்தொட்டிக்குள் கொண்டுவந்தார்கள். 1868-இல் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதே சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினார்கள். அதன்பின் வேர் தோண்டவும் வேலையில்லை, இலை பறிக்கவும் ஆளில்லை. ஊர்க்காரன் காட்டுக்குள் போக இருந்த காரணங்களில் ஒன்று போயிற்று. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போனவர்கள்கூட அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று.

காட்டைக் காப்பதில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்று இன்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். அந்தப் பங்கு எப்படிப் போனது என்பதைக் காயா இலையிலிருந்து தொடங்கிப் பார்த்தால்தான் எப்படித் திரும்பும் என்பதும் பிடிபடும்.

காயாவும் வீரையும் உலக்கைப்பாலையும் குருந்தும் களாவும் காரையும் சேர்ந்து வளரும் இந்தக் காட்டை வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். கிழக்குக் கரையோரத்தில் துண்டு துண்டாக மிஞ்சியிருப்பது இதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்துவிட்டு, நீண்ட கோடையைத் தடித்த சிறு இலைகளோடு தாக்குப்பிடிக்கும். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி, உதிராத தோல் இலை என்று பார்த்தால் இதன் தூரத்து உறவு மத்தியதரைக்கடல் ஓரத்தில் இருக்கிறது. போர்ச்சுகலின் தக்கை ஓக் மரத்தோப்புகளைச் சொல்கிறேன். அங்கே கோடாலியோடு வருகிறவர்கள் மரத்தை வெட்டுவதில்லை. பட்டையை மட்டும் காயம்படாமல் உரித்தெடுக்கிறார்கள். உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை அடிமரத்தில் பெயிண்டால் எழுதிவிட்டுப் போகிறார்கள். அடுத்த முறை கை வைக்க ஒன்பது ஆண்டு ஆகும். அந்த எண் தாங்கிய மரத்தை வெட்ட எந்தக் குடும்பத்துக்கு மனசு வரும்? அதே நாட்டில் ஆட்கள் ஊரைக் காலி செய்து போய், யூகலிப்டஸும் பைனும் கேட்பாரற்று மண்டிய பெத்ரோகாவ் கிராந்தே பகுதியில் 2017 ஜூனில் தீ பிடித்தது. 66 பேர் செத்தார்கள். வெயிலும் காற்றும் காரணம்தான். ஆளில்லாத ஊரும் ஒரு காரணம்.

நம் பக்கம் வருவோம். 1970-களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் மேதினிபூரில், அராபாரி என்ற இடத்தில், சால் மரக்காட்டை வெட்டாமல் காத்தால் வருமானத்தில் 25 சதவீதம் உங்களுக்கு என்று கிராமத்தாரிடம் ஒரு வன அதிகாரி ஒப்பந்தம் பேசினார். காடு மீண்டது. அதைப் பார்த்துத்தான் 1990-இல் மத்திய அரசு கூட்டு வன மேலாண்மைக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. தமிழ்நாட்டில் 1997-இல் ஜப்பான் கடனுதவியோடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. இரண்டாம் கட்டமாக 2013 வரை நடந்தது. ஊர்தோறும் கிராம வனக்குழு. தடுப்பணை கட்டினார்கள், கறவை மாட்டுக்குக் கடன் கொடுத்தார்கள். கிணற்றில் தண்ணீர் ஏறிய ஊர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குழுவின் செயலாளர் வனத்துறையின் வனவர். கூட்டம் அவர் கூட்டும்போது நடக்கும், நோட்டு அவர் கையில் இருக்கும், பணம் திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும். ஜப்பானிலிருந்து வந்த கடன் முடிந்த பிறகு குழு கூடுவதற்கு என்ன வேலை? கையெழுத்துப் போட்டவருக்குக் காட்டில் ஒரு சுள்ளி மீதாவது தனக்கென்று உரிமை உண்டா என்று கேட்டால் பதில் மழுப்பலாகத்தான் வரும்.

எதிர்ப்பக்கத்தில் வேடந்தாங்கலை வைக்கிறேன். பழைய செங்கல்பட்டு ஜில்லா, நமக்கு அரை நாள் பயணம்கூட இல்லை. ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் பறவைகள் கூடு கட்டும். எச்சம் விழுந்த தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும். நெல்லுக்கு வேறு உரம் அதிகம் தேவைப்படாது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போனார்கள். 1798-இல் அவர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். பறவைகளைக் காக்க ஊருக்கு உள்ள உரிமையை ஒப்புக்கொள்ளும் பத்திரம் அது. வனத்துறையே பிறக்காத காலம். சரணாலயம் என்ற பட்டம் அதன்பின் நூற்றாண்டுக்கும் மேல் கழித்து வந்தது. ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது 2022-இல். தீபாவளிக்கு இன்றும் அங்கே வெடி வெடிப்பதில்லை. சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் எல்லையை மூன்றாகச் சுருக்க 2020-இல் யோசனை வந்தபோது அது எளிதில் நகராமல் போனதற்கு இப்படி ஒரு பழைய பாத்தியதை இருந்ததும் காரணம் என்றே நினைக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, மூடி மறைக்கக் கூடாது. ஊர் என்றால் யார்? காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துக் குறுங்காடுகளை உள்ளங்கை போல அறிந்தவர்கள் இருளர்கள். எந்தப் புதரில் எந்தக் கிழங்கு, எந்தப் பொந்தில் என்ன பாம்பு என்று சொல்வார்கள். குழு என்று கூடும்போது அவர்கள் பின்வரிசையில் நிற்பார்கள், அல்லது அன்றைக்குக் கூலிக்குப் போயிருப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் கையில் காட்டைக் கொடுப்பதும் மக்களிடம் கொடுப்பதும் ஒன்றல்ல.

2006-இன் வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியின் மேந்தா லேகா கிராமம் 2009-இல் காட்டின் மீது சமூக உரிமை வாங்கி, தன் மூங்கிலைத் தானே விற்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது நீதிமன்ற ஆணையால் 2008-லிருந்து முடங்கி, 2016-இல்தான் தடை நீங்கியது. அதிலும் பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தறியை நம்பிய ஐயம்பேட்டை போன்ற ஊருக்கு அந்தக் கதவு திறக்காது. நம்மிடம் இருப்பது ஏரிக்கரை, மேய்க்கால் புறம்போக்கு, அய்யனார் கோயிலைச் சுற்றிய நாலு மரம்.

இன்னொரு சட்டம் இருக்கிறது, கவனிப்பவர்தான் குறைவு. 2002-இன் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் செடிகொடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மதுரை அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது இந்தச் சட்டத்தில்தான். அங்கே டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவுக்கு வந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதே ஆண்டு திண்டுக்கல் காசம்பட்டியின் வீர கோயில் காடும் தலமானது. சில ஏக்கர்தான், ஊர்க் கோயில் காடுதான்.

காயா இலையைப் பறித்து மறுபடி பட்டுக்குச் சாயம் போடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இயற்கைச் சாயம் கண்காட்சி அரங்கில் விற்கும். நெசவாளி குடும்பத்தின் மாதச் செலவுக்குக் காணாது. நான் கேட்பது சின்ன விஷயம். கிராம சபை அழைப்பில் குடிநீர், டெங்கு, நூறு நாள் வேலை என்று வரிசையாகப் பொருள் வரும். அதில் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒரு வரி சேர்த்து, நோட்டைச் சபை நடுவே வைத்து, ஊராட்சிச் செயலர் பக்கம் பக்கமாக வாசிக்கட்டும். இருளர் குடியிருப்பிலிருந்து இரண்டு பேர் முன்வரிசையில் உட்கார்ந்து, இந்த மரம் விட்டுப்போச்சு, அந்தக் கிழங்கு விட்டுப்போச்சு என்று சொல்லட்டும். காயா அதில் இருக்கிறதா, இருந்தால் எந்தப் புறம்போக்கில், எத்தனை மரம் என்று அன்றைக்காவது தெரிந்துவிடும்.