மலிவான கார்டுக்கு விலையான மதர்போர்ட்

"செக் பண்ணிப் பாத்துத்தானே வாங்கியிருக்கோணும், தம்பி?"

கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பியூட்டர் கடையில் போன மாதம் எனக்குக் கிடைத்த பதில் இது. நான் திருப்பிக் கொண்டுபோனது பழுதான கிராபிக்ஸ் கார்ட் இல்லை. படம் வருது, ஃபேன் சுத்துது, டிரைவரும் ஒழுங்கா ஏறிட்டுது. ஆனால் பழைய கார்டில் சமாளித்து ஓடின கேம் புதியதில் நிமிசத்துக்கு நாலு தரம் விக்குது. கடைக்கார அண்ணா பில்லைத் திருப்பிக் காட்டினார்: விற்ற பொருட்கள் மீள எடுக்கப்படமாட்டா. "கார்டில பிழையில்ல, உங்கட போர்ட்தான் பழசு." அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையைக் காசு வாங்க முதல் சொல்லியிருக்கலாம். என்னிடம் என்ன போர்ட் இருக்கெண்டு ஒருவரும் கேட்கவில்லை.

கேம் விளையாடும் நண்பர்களும் இதே பல்லவிதான்: ஆராயாமல் வாங்கினது உன்ர பிழை. இதை நான் ஏற்கமாட்டேன்.

என் கார்டின் பெயர் இங்கே தேவையில்லை. உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்த ஒன்றை எடுப்போம். 2022 ஜனவரியில் ஏஎம்டி 199 டொலருக்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டை வெளியிட்டது. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையில் தரவு ஓடுகிற பாதைகளை லேன் என்பார்கள். வழமையாகப் பெரிய கார்டுகளுக்கு 16 லேன். இதற்கு வெறும் 4. புதிய பிசிஐஇ 4.0 போர்டில் அந்த நான்கு வழியாக விநாடிக்குக் கிட்டத்தட்ட 8 ஜிபி போகும். பழைய 3.0 போர்டில் அதில் பாதி. கார்டின் சொந்த மெமரியோ 4 ஜிபிதான். அது நிரம்பினதும் மிச்சம் எல்லாம் அந்த ஒடுங்கின பாதையால்தான் வந்துபோக வேண்டும். விக்கல் அங்கேதான் தொடங்குது. இத்தனைக்கும் இன்றைய கேம்களுக்கு 4 ஜிபி போதாது என்று 2020 இல் ஏஎம்டியே தன் தளத்தில் எழுதியிருந்தது. இந்தக் கார்ட் வெளிவந்த நேரத்தில் அந்தக் கட்டுரை காணாமல் போய், ஊடகங்கள் எழுதின பிறகு திரும்பி வந்தது!

இன்டெலின் ஆர்க் கார்டுகளும் இதே கதை. ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இல்லாவிட்டால் வேகம் பயங்கரமாக விழும். இன்டெல் அதை மறைக்கவில்லை, 10ஆம் தலைமுறை இன்டெல் அல்லது ரைசன் 3000 தொடக்கம்தான் என்று சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில் 249 டொலருக்கு வந்த பி580 கார்ட், பழைய புரொசசர்களில் எதிர்பார்த்ததை விட மோசமாக ஓடியதைச் சோதனைகள் காட்டின.

இப்போது மற்றப் பக்கம் பாருங்கள். 1,599 டொலர் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டை பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் இழப்பு ஒருசில வீதம்தான். அதுக்கு 16 லேனும் இருக்கு. காசுக்காரரின்ர கார்ட் எந்த வீட்டுக்குப் போனாலும் அனுசரிச்சு நடக்கும். எங்கட கார்டுக்குத்தான் மாளிகை வேணும்.

எங்களிடம் ஏன் பழைய போர்ட்? 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாதத்தில் 360. அப்போது புது மெஷின் வாங்க இருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். இன்னும் கொஞ்சப் பேர் வெளிநாட்டு ஒஃபிஸ்களில் பாவித்துக் கழித்த ஒடுக்கமான பெட்டிகளை வாங்கினார்கள். அதுகளின் பவர் சப்ளை சின்னது, பிளக்கும் வேற மாதிரி, நீளமான கார்ட் உள்ளே போகவும் ஏலாது. ஆக, மலிவான கார்டைத் தேடுகிறவரிடம்தான் பழைய போர்ட் இருக்கும். இது கம்பனிகளுக்கும் தெரியாத விசயமில்லை.

தொழில்நுட்பம் முன்னேறினால் பழையது கழியத்தானே வேணும் என்பீர்கள். சரி. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமுக்கு ரே ட்ரேசிங் வன்பொருள் கட்டாயம், ஜிடிஎக்ஸ் 1080 வைத்திருப்பவருக்கு இடமில்லை. எனக்கு அதில் கோபமில்லை. தேவைப் பட்டியலில் எழுதியிருக்கு, வாசிக்கலாம், வாங்காமல் விடலாம். ஸ்லொட்டில் அழகாக ஏறி, லைட்டும் எரிஞ்சு, பிறகு பாதி வேகத்தில் ஓடுவது வேறு விசயம். பெட்டியில் பெரிய எழுத்தில் நிற்பது ஜிபி கணக்கு. லேன் கணக்கைத் தேடித்தான் பிடிக்கவேணும்.

"கேம் தானே, ஆடம்பரம்" என்று எங்கள் பீடத்திலேயே சிலர் சொல்கிறார்கள். குறும்படம் எடிட் பண்ணுவதும் இதே கார்டில்தான், தோழர்களே. அந்த 199 டொலர் கார்டில் வீடியோ என்கோட் செய்யும் பகுதியையும் வெட்டியிருந்தார்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருட்களின் லேபிள் பற்றி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்க அதிகாரசபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. விடுக்கட்டும். லேன் எத்தனை, எத்தனை வாட், எந்த பிளக், எந்தப் பழைய போர்ட் வரைக்கும் முழு வேகம்: இவ்வளவும் கார்டின் விலைக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒட்டப்பட வேண்டும். ஒரு ஸ்டிக்கர் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

என் கார்டை நான் விற்கப்போகிறேன். விளம்பரத்தின் முதல் வரியிலேயே எந்தப் போர்டில் போடக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறேன். மூன்று நாளாக ஒருத்தரும் கோல் எடுக்கவில்லை.