முக்காலியும் நிற்கும்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்த வேளையில் நண்பர் ஒருவர் என் தோளைத் தொட்டார். பிறர் துயர் கண்டால் கண் கலங்கும் இயல்புடையவர். "அண்ணாச்சி, அந்தப் பூனைக்குக் காலையே எடுத்துட்டாங்களாமே! வாயில்லா ஜீவனை எதுக்குப் போட்டு இம்சை பண்ணுறீங்க? ஒரு ஊசியப் போட்டு முடிச்சு விட்டிருக்கலாம்லா? அதுதானே இரக்கம்?" என்றார்.

அன்று நான் அவருக்கு மறுமொழி கூறவில்லை. அவர் ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் இன்றும் கூறியிருக்க மாட்டேன். ஆனால் அதே சொல்லை அதற்குப் பின் பத்துப் பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன். இரக்கம் என்னும் பெயரில் நம்மிடையே உலவும் ஒரு பெரும்பிழையை எதிர்த்துப் பேசாமல் இருப்பது சரியன்று என்று தோன்றுகிறது.

நடந்தது இதுதான். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள எங்கள் கரிசல் கிராமத்தில், மக்காச்சோளத்தைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்காக யாரோ கம்பிச் சுருக்கு வைத்திருந்தார்கள். பன்றி மாட்டவில்லை, எங்கள் வீட்டுப் பூனை மாட்டிக்கொண்டது. அறுந்த கம்பியை இழுத்துக்கொண்டு இரண்டாம் நாள் அது வீடு வந்து சேர்ந்தபோது, இடது பின்னங்கால் இரத்த ஓட்டமற்றுக் கறுத்துப் போயிருந்தது. காலை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார் மருத்துவர். எடுத்தார்கள். பூனை பிழைத்தது.

என் நண்பர் 'இம்சை' என்றது எதை? வலியையா? வலி தந்தது அழுகிய கால். அதைத்தான் மருத்துவர் அகற்றிவிட்டாரே! பசியையா? மூன்றாம் நாளே அது தட்டைத் துழாவத் தொடங்கிவிட்டது. அப்படியானால் துன்பப்படுவது யார்? மூன்று காலோடு ஓர் உயிர் முற்றத்தில் தத்தித் தத்தி நடப்பதைக் காணும் நம் கண்கள்தாம். நம் கண் நோவைத் தீர்ப்பதற்கு அதன் உயிரை விலையாகக் கேட்கிறோம்; அதற்கு இரக்கம் என்று பெயரும் சூட்டுகிறோம்.

இந்த மண்ணில் பூனைக்குரிய இடம் என்ன என்பதை நாம் மறந்துவிட்டோம். கம்பும் சோளமும் உளுந்தும் பாசிப்பயறும் குலுக்கையில் நிறைந்திருந்த காலத்தில், எலியிடமிருந்து அவற்றைக் காத்தது எது? வானம் பார்த்த பூமியில் ஒரு போக விளைச்சலை ஆண்டு முழுவதும் வைத்துண்ட குடும்பங்களுக்குப் பூனை செல்லப்பிராணியாக மட்டும் இருக்கவில்லை. கூலி கேளாத காவற்காரனாகவும் இருந்தது. இன்று குலுக்கை போயிற்று. நியாயவிலைக் கடை அரிசி வந்தது. காவற்காரன் வேண்டாதவன் ஆனான். குட்டி போட்டால் சாக்கில் கட்டிக் காட்டில் கொண்டு விடுகிறோம். குறுக்கே போனால் சகுனம் கெட்டது என்கிறோம். கால் ஒடிந்தால் ஊசி என்கிறோம். சோறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

இனி மருத்துவம் சொல்வதைக் கேட்போம். பூனையின் உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களும் 40 விழுக்காட்டைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. எனவே பின்னங்கால் ஒன்று போனால் பழகிக்கொள்வது எளிது. முன்னங்கால் போனாலும் பழகிக்கொள்கிறது. உயரத்திலிருந்து குதித்து இறங்குவதுதான் கடினம். "பாதி காலையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்போர் உண்டு. எஞ்சிய துண்டை ஊன்ற முயன்று, தரையில் தேய்த்து, மீண்டும் மீண்டும் அது புண்ணாக்கிக்கொள்ளும் என்பதால்தான் தொடையின் மேற்பகுதிவரை எடுத்துவிடுகிறார்கள். கொடுமை போல் தோன்றும் அந்த வெட்டே பிற்காலப் புண்ணிலிருந்து காக்கிறது. பெரும்பாலான பூனைகள் ஓரிரு நாளில் எழுந்து நிற்கின்றன. பத்து முதல் பதினான்கு நாட்களில் தையல் பிரிக்கப்படுகிறது. சில வாரங்களில் புதிய நடை கைவந்துவிடுகிறது.

நம் வீட்டிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கரிசல் மண் மழையில் ஊதிப் பருக்கும். கோடையில் வெடித்துப் பிளக்கும். அந்த மண்மேல் எழுப்பிய பழைய வீட்டுத் தளம் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். அங்கே நாற்காலியைப் போட்டால் ஒரு கால் ஆடும். அட்டையை மடித்துச் சொருகுவோம். முக்காலியைப் போடுங்கள், எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். மூன்று கால் என்றாலே குறை என்று நமக்கு யார் கற்பித்தது?

"மனிதர்களே மருந்துக்கு வழியின்றி இருக்கும்போது பூனைக்கு அறுவை சிகிச்சையா?" என்பது அடுத்த கேள்வி. இதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, மனிதத் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவது தகாது என்று கூறுவது உண்மை. என்னிடம் வாதிட்டோர் அனைவரும் இதைச் சுட்டிக்காட்டினர். ஆனால் அதே பகுதி, விலங்குகளிடம் பரிவு காட்டுவது மனிதரின் கடமை என்பதையும், தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரண் என்பதையும் கூறுகிறதே! ஒரு வரியை உயர்த்திப் பிடித்து மறு வரியை மறைப்பது நேர்மையா? அன்றியும், அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து நாம் எந்த ஏழையிடம் சேர்த்தோம்? திருவிழா இரவில் வாணவேடிக்கைக்குக் கணக்குக் கேளாத வாய், திருமணத்துக்கு வைக்கும் பதாகைக்குக் கணக்குக் கேளாத வாய், பூனையின் தையலுக்கு மட்டும் ஏழையின் பெயரைச் சொல்லிக் கணக்குக் கேட்கிறது. ஏழைக்காகப் பேசுவோர் முதலில் ஏழைக்குக் கொடுத்துவிட்டு வந்து பேசட்டும்.

பெருஞ்செலவு தேவை என்று எண்ணுவதும் அறியாமையே. 2009-ஆம் ஆண்டு ஜெர்சி தீவில் ஆஸ்கர் என்னும் கருப்புப் பூனையின் இரு பின்பாதங்களையும் அறுவடை இயந்திரம் துண்டித்துவிட்டது. இங்கிலாந்தில் நோயல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் கால்நடை அறுவை மருத்துவர், அதன் எலும்பிலேயே உலோகத் தண்டுகளைப் பதித்துச் செயற்கைப் பாதங்களைப் பொருத்தினார். வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் அது இரண்டு பாதங்களை இழந்த பூனை. ஒரு காலை மட்டும் இழந்த பூனைக்குச் செயற்கைக் கால் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மற்ற மூன்றும் நன்றாயிருந்தால் அவையே போதும். அறுவைக்கும் கடல் கடக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி இராமையன்பட்டியில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.

கொல்லச் சொல்வோரை மட்டும் குறை கூறினால் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். மறுபுறத்தில் கொஞ்சிக் கெடுப்போர் இருக்கிறார்கள். "ஐயோ பாவம், நடக்க முடியாதே" என்று இடுப்பை விட்டு இறக்காமல் தூக்கிச் சுமப்பதும், நாளெல்லாம் ஊட்டிக் கொழுக்க வைப்பதும் அன்பு அல்ல. நான்கு கால் சுமந்த எடையை மூன்று கால் சுமக்கிறது. எடை கூடக் கூட மூட்டுகள் தேயும். கொல்லச் சொல்பவரும் கொஞ்சிக் கெடுப்பவரும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றனர். இருவர் கண்ணும் இழந்த காலின் மீதே நிலைத்திருக்கிறது. இருக்கும் மூன்றை இருவருமே பார்ப்பதில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதல் இரண்டு வாரம் ஒரே அறையில் வைத்திருக்க வேண்டும். கடப்பைக் கல்லிலும் வழவழப்பான ஓட்டுத் தளத்திலும் கால் வழுக்கும். சாக்கு விரித்தால் போதும். தையலை நக்காதிருக்க, மருத்துவர் கழுத்தில் மாட்டிய புனல் போன்ற பட்டையைப் பரிதாபப்பட்டுக் கழற்றக் கூடாது. மலம் கழிக்க விளிம்பு தாழ்ந்த தட்டு வேண்டும். புண் ஆறும்வரை மணலுக்குப் பதில் செய்தித்தாளைக் கிழித்துப் போடலாம். பூனை வலியை மறைக்கும் இனம். ஒடுங்கிக் குந்தியிருப்பதும், மறைவிடம் தேடுவதும், உணவை ஒதுக்குவதும்தான் அதன் அழுகை. ஒரு நாள் முழுதும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: நமக்கு வாங்கிய பாராசிட்டமால் மாத்திரையில் சிறு துண்டுகூடப் பூனையைக் கொன்றுவிடும். அதை முறித்துச் செரிக்கும் ஆற்றல் அதன் ஈரலுக்கு இல்லை.

புண் ஆறிய பின், அது ஏற விரும்பும் திண்ணைக்கும் சன்னலுக்கும் இடைப்படியாக ஒரு பெட்டியையோ பலகையையோ வையுங்கள். பின்னங்கால் போன பக்கத்துக் காதை அதனால் சொறிந்துகொள்ள இயலாது. அதை நீங்கள் துடைத்து விடுங்கள். பால்சோறு மட்டும் போதாது. தூத்துக்குடியிலிருந்து வரும் சாளையை உப்பின்றி அவித்து, முள் நீக்கி அளவாகக் கொடுங்கள். நாயிடமிருந்து முன்போல் ஓடித் தப்ப அதனால் முடியாது. ஆகவே தெருவில் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் சேறு பாதத்தில் அப்பிக்கொள்ளும் நாட்களில் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். மற்றபடி அதை அதன் போக்கில் விடுங்கள். விழும், எழும். விழுகிற ஒவ்வொரு முறையும் ஓடித் தூக்காதீர்கள்.

உயிரை முடிப்பதே இரக்கமாகும் நிலையும் உண்டு. முதுகெலும்பு முறிந்து மீள வழியில்லாதபோதும், எம்மருந்துக்கும் அடங்காத வலி தொடரும்போதும் மருத்துவர் அவ்வாறு கூறினால் அதை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்பு, விலங்கைத் தொட்டுச் சோதித்த மருத்துவர் தர வேண்டியது. கோவில் முற்றத்தில் நின்று, பூனையைக் காணாமலே தருவதன்று.

இரக்கப்படுவோருக்கு உண்மையாகவே ஒரு வேலை இருக்கிறது. அந்தச் சுருக்கை வைத்தவர் நம்மில் ஒருவர்தாம். விளைச்சலைப் பன்றிக்குப் பறிகொடுக்கும் விவசாயியின் வேதனையை நான் அறியாதவன் அல்லன். நானும் அந்தக் காட்டில் விதைத்தவனே. ஆயினும் காட்டு விலங்குக்குச் சுருக்கு வைப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கம்பிக்குப் பன்றி எது, பூனை எது, விறகு பொறுக்க வரும் சிறுவனின் கால் எது என்று தெரியாது. அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசுவோமா? நம் ஊர் வரப்புகளில் கிடக்கும் கம்பிகளை நாமே சென்று அகற்றுவோமா?

இன்னொன்றும் உண்டு. என் பூனையைப் பார்க்க வந்த ஒருவர் "நொண்டி எங்கே?" என்று கேட்டார். எங்கள் தெருவில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய ஒருவர், தீப்பெட்டித் தொழிலில் உழைத்து மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், அப்போது திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் தலை குனிந்தது. பூனை குனியவில்லை, அதற்கு அச்சொல் தெரியாது. விலங்கைப் பற்றி நாம் பழகும் நாக்கே மனிதரைப் பற்றியும் பேசுகிறது.

நண்பரே, நீங்கள் இந்த இதழைத் தவறாமல் படிப்பவர் என்பதை அறிவேன். அந்தப் பூனை இப்போது எங்கள் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறது. நேற்று ஓர் எலியைப் பிடித்துக்கொண்டு வந்தது. ஒருநாள் மாலை வந்து பாருங்கள். பார்த்துவிட்டு, ஊசி யாருக்கு வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்.