பாட்டின் கீழே பெயர் வேண்டும்

(பத்தாம் வகுப்பு மாணவி)



பாட்டுக் கேட்காத வீடு நம் முகப்பேரில் உண்டோ? காலையில் பள்ளி வேனில் ஒரு பாட்டு. மாலையில் எதிர்வீட்டு மாடியில் ஒரு பாட்டு. கேட்கின்றோம், முணுமுணுக்கின்றோம். ஆனால் அதை ஆக்கியவர் யார் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. இக்குறையைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம்.

2021ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் 'எஞ்சாயி எஞ்சாமி' என்னும் பாடல் வெளிவந்தது. எந்தத் திரைப்படத்தையும் சேராத தனிப்பாடல் அது. பாடியவர்கள் தீ, அறிவு ஆகிய இருவர். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது, ஏ.ஆர். ரகுமானின் ஆதரவுடன் தொடங்கப்பெற்ற 'மாஜா' என்னும் இசைத்தளம். பாட்டென்றாலே சினிமாப் பாட்டுத்தான் என்றிருந்த நம் நாட்டில், கதாநாயகன் இல்லாத இப்பாட்டு சில மாதங்களிலேயே யூடியூபில் பத்துக் கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. நாங்களும் அதற்கு ஆடினோம். அப்போது அதன் பொருள் எங்களுக்குத் தெரியாது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். பாடலாசிரியர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். மலைக்காடுகளைத் தோட்டமாக்கிய அத்தொழிலாளருக்கு, 1948ஆம் ஆண்டில் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம் குடியுரிமை இல்லாமற் செய்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. உழைத்த மண்ணில் உரிமை இல்லாமல் போனவர்களின் ஒப்பாரியும், மண்ணின் மேல் அவர்கள் கொண்ட பாசமுமே அப்பாட்டு.

அப்படிப்பட்ட பாட்டுக்கே பின்னர் நேர்ந்ததைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் இப்பாட்டின் பேச்சு வந்தது. அறிவின் படம் வரவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் முதலானோர் கண்டித்த பின்னரே, இணைய இதழுக்கென அவர் படத்துடன் தனி அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாடலைப் பாடினர். அறிவு மேடையில் இல்லை. சில நாட்களில், பாட்டை எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்று அறிவு அறிவித்தார். மூவரும் கூடிச் செய்த பணி என்றும், வருவாயிலும் மூவருக்கும் சமபங்கு என்றும் சந்தோஷ் நாராயணன் விடையளித்தார். 2024 மார்ச்சில் அவரே, அப்பாட்டினால் தங்களுக்கு இதுவரை ஒரு பைசாவும் வரவில்லை என்று வருந்தினார்.

இவர்களுள் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் நீதிபதிகள் அல்லர். ஒன்று மட்டும் விளங்குகின்றது. ஒரு பாட்டு என்பது ஒரே பொருள் அன்று. சட்டத்தின் கண்ணில் சொல் ஒரு படைப்பு, மெட்டு ஒரு படைப்பு, ஒலிப்பதிவு ஒரு படைப்பு. அதனால்தான் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் தம் பங்கை எளிதில் இழந்துவிடாதபடி வழி செய்தனர். யார் யார் எதைச் செய்தார் என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதி வைத்திருந்தால், நண்பர்களாய்க் கூடியவர்களுக்குள் இத்தனை மனத்தாங்கல் வந்திருக்காதன்றோ?

"பெயரும் புகழும் நமக்கு எதற்கு? வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்றல்லவா மறைக்கல்வி வகுப்பில் படித்தோம்?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். ஆனால் தாழ்ச்சி என்பது கொடுப்பவர் தாமே விரும்பி ஏற்கும் புண்ணியம். ஒருவர் பெயரை நாம் மறைத்துவிட்டு, 'அவர் தாழ்ச்சியாக இருக்கட்டும்' என்பது புண்ணியம் ஆகாது, அது அநீதி. கூலி மறுக்கப்பட்ட உழைப்பாளியின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டும் என்பதையும் அதே மறைக்கல்வி வகுப்பில்தான் படித்தோம்.

ஊருக்கு உபதேசம் செய்யும் முன் எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கின்றோம். சென்ற ஆண்டு விழாவில் நாங்கள் ஆடிய நாற்று நடவுப் பாட்டு அனைவரும் கைதட்டிய பாட்டு. அதை மதிய உணவு வேளையில் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் ஆயாம்மா. "எங்கம்மா வயல்ல பாடினது பாப்பா" என்று சொல்லி, அடி அடியாய்ப் பாடிக் காட்டினார். நிகழ்ச்சி நிரலுக்கு எழுதிக் கொடுத்தபோது நாங்கள் எழுதியது: 'பாடல் – ஒன்பதாம் வகுப்பு மாணவியர்'. விழா முடிந்து அரங்கத்தைப் பெருக்கும்போது அந்தத் தாளை எடுத்து வந்து, "இதுல எம் பேரு எங்க பாப்பா இருக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, படித்துக் காட்டுவோம் என்று நம்பிக் கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

நாங்கள் யாரிடமும் பணம் பறிக்கவில்லை. மறந்துவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் மறப்பது எப்போதும் ஆயாம்மாக்களின் பெயரைத்தானே தவிர, தலைமை தாங்குபவரின் பெயரை யாரும் மறப்பதில்லை.

ஆகவே தோழியரே, எமது கருத்து இதுவே: இனி நம் பள்ளியில் பாட்டோ நாடகமோ கோலமோ எதுவாயினும், செய்தவர், சொல்லித் தந்தவர் அனைவரின் பெயரையும் முதல் நாளே எழுதி வைப்போம். இவ்வாண்டு மலரில் அந்நடவுப் பாட்டு வெளிவருகின்றது. அதன் தலைப்புக்கு அடுத்த வரியில் ஆயாம்மாவின் பெயரை அச்சிட வேண்டும் என்று மலர்க் குழுச் சகோதரியிடம் கேட்டோம். அவரும் மகிழ்வோடு இசைந்தார். மலர் கைக்கு வந்ததும் முதற்பிரதியை எடுத்துச் சென்று, அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டுவோம்.