தலைமன்னார் கப்பலும் சப்ரகமுவ தோட்டங்களும்

பழைய பயணிகள் நீராவிக் கப்பல்களைச் செப்பனிட்டுக் காப்பதில் நமது அயல்நாடுகள் அண்மைக் காலமாக அக்கறை காட்டி வருகின்றன. 1940களைச் சேர்ந்த ‘போபால்’ என்ற துடுப்புச் சக்கரக் கப்பல் கொல்கத்தாவில் புதுப்பிக்கப்பட்டது. பங்களாதேஷில் ‘ரொக்கெட்’ என்று மக்கள் அழைத்துவந்த கப்பல்களுள் ஒன்றான, நூறாண்டை நெருங்கும் ‘மஹ்சூத்’தும் செப்பனிடப்பட்டது. அதன் நீராவி இயந்திரம் முன்னரே டீசலுக்கு மாற்றப்பட்டுவிட்ட போதிலும் கப்பலின் உடலாவது தப்பியிருக்கின்றது. இச்செய்திகளைப் படிக்கும்போது, நமது மக்களின் தலைவிதியையே சுமந்துசென்ற கப்பல்கள் என்னவாயின என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான நீராவிக் கப்பல் சேவை 1914 ஆம் ஆண்டு தொடங்கியது. பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டிலாகும். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என இந்திய வைசிராய்களின் பெயர்களைத் தாங்கிய மூன்று கப்பல்களைத் தென்னிந்திய ரயில்வே நிறுவனம் சேவையில் ஈடுபடுத்தியது. இர்வின், கோஷன் ஆகியவை பின்னர் வந்தவை. ஏறத்தாழ 22 மைல் தூரக் கடலைக் கடந்தால் தலைமன்னார் இறங்குதுறையில் கொழும்புப் புகையிரதம் காத்திருக்கும். சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே பயணச்சீட்டு என்பது அந்நாளைய பெருமை.

அப்பெருமை வெள்ளைத் துரைமாருக்கும் வசதி படைத்தோருக்கும் உரியது. தொழிலாளரின் வழி மண்டபம் முகாமுக்கூடாகச் சென்றது. அங்கு நாட்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் தகரத் துண்டுடன் அவர்கள் கப்பலேற்றப்பட்டனர். முந்திய தலைமுறையினர் பாய்மரத் தோணிகளில் மன்னாரை அடைந்து, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து, வாந்திபேதிக்கு இரையானதை நினைத்தால் நீராவிக் கப்பல் உயிர் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது அவர்களுக்காகக் கட்டப்பட்டதன்று. 1910 ஆம் ஆண்டளவில் உலகச் சந்தையில் இறப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. களனிப் பள்ளத்தாக்கிலும் இரத்தினபுரிப் பகுதியிலும் காடுகள் இறப்பர் தோட்டங்களாகின. அகலம் குறைந்த புகையிரதப் பாதை 1912 இல் இரத்தினபுரியை எட்டியது. இரண்டே ஆண்டுகளில் கடலிலும் கப்பல் ஓடத் தொடங்கியது. இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாகப் பார்ப்பது தவறு. கேகாலைத் தோட்டங்களுக்கு உரியவர்கள் பொல்காவலையிலும் றம்புக்கணையிலும் இறங்கினர். யட்டியாந்தோட்டைக்கும் இரத்தினபுரிக்கும் உரியவர்கள் கொழும்பு சென்று சிறிய புகையிரதத்துக்கு மாறினர்.

முஸ்லிம்களுக்கும் இக்கப்பல் அந்நியமானதன்று. கீழக்கரை, காயல்பட்டினம் முதலான ஊர்களிலிருந்து வந்து நம் நகரங்களில் கடை வைத்தோரும், நாகூர் கந்தூரிக்குச் சென்றோரும் இக்கடலைக் கடந்தவர்களே.

வந்த கப்பலே திரும்பவும் ஏற்றிச் சென்றதுதான் இவ்வரலாற்றின் கொடுமை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்ட மக்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கணக்குப் பின்னர் தீர்க்கப்படுமாம். சரக்கைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்த ஒப்பந்தம் அது. அதன் மை உலர்ந்து இரண்டு மாதங்கள் ஆவதற்கு முன்னர், டிசம்பர் 22 இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. துறைமுகம் போனது, கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. ஒப்பந்தம் மட்டும் நின்றபடியே நின்றது.

அதன் பின்னர் தோட்டங்களிலிருந்து தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் சூட்டிய பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை எனக் குடும்பங்கள் புகையிரத மேடையிலேயே பிரிந்தன. சப்ரகமுவ தோட்டங்களில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக்கிடந்த இத்தோட்டங்களின் லயங்கள் 1977 இலும், மீண்டும் 1981 ஓகஸ்டிலும் தாக்கப்பட்டன. இந்தியாவைக் கண்ணாலும் காணாதவர்கள் அங்கே போவதே மேல் என்று மூட்டை கட்டியதை ‘விருப்பத்தின் பேரில்’ என்று எவ்வாறு எழுதுவது?

1984 இல் போர்ச் சூழல் காரணமாகக் கப்பல் நின்றது. இதன் விளைவைப் போதிய அளவு எவரும் சிந்தித்ததாகத் தெரியவில்லை. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலேற முடியாமல் இங்கேயே தங்கிவிட்டோர் எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர். சட்டப்படி அவர்கள் இந்தியர். வாழ்ந்ததோ, பிள்ளை பெற்றதோ, பேர்ச்சீட்டில் பெயர் பதிந்ததோ இலங்கையில். 2003 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே அவர்களுக்குப் பெருமளவில் வழி பிறந்தது. எந்த நாட்டின் பிரஜை என்பதை இறுதியில் ஒப்பந்தமன்றி, ஒரு கப்பலின் நேர அட்டவணையே தீர்மானித்தது எனலாம்.

அக்கப்பல்களில் ஒன்றுகூட இன்று இல்லை. கடுகண்ணாவையில் 2014 இல் அமைக்கப்பட்ட தேசிய புகையிரத அருங்காட்சியகத்தில் பழைய நீராவி எஞ்சின்களுக்கு இடம் உண்டு. அவற்றில் ஏறிவந்தோரின் கப்பல்களுக்கோ ஒரு பலகையும் இல்லாத நிலை நெடுங்காலம் நீடித்திருக்கின்றது. போரினால் சிதைந்த தலைமன்னார் புகையிரதப் பாதை 2015 மார்ச்சில் மீளத் திறக்கப்பட்டது. மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் ஆரம்பித்தது. இராமேஸ்வரம் – தலைமன்னார் சேவையை விரைவில் மீளத் தொடங்க உழைப்பதென 2024 டிசம்பரில் இரு அரசுகளும் இணங்கின.

இச்சேவையைச் சுற்றுலாவின் கண்ணாடியால் மாத்திரம் பார்க்கலாகாது என்பதே நமது நிலைப்பாடு. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968 இல் தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் எஹலியகொடை, தெஹியோவிட்டைக் குடும்பங்களின் உறவினர் வாழக்கூடும். விமானக் கட்டணம் நாட்சம்பளக்காரருக்கு எட்டாதது. தூத்துக்குடி – கொழும்புக் கப்பல் 2011 இல் சில மாதங்களிலேயே நின்றுபோனதையும் மறந்துவிடக் கூடாது. எனவே கட்டணம் சாதாரண மக்களின் கைக்கு அடக்கமானதாக அமைவதோடு, இழப்பு ஏற்படினும் சில ஆண்டுகளுக்கேனும் தாங்கிக்கொள்ள இரு அரசுகளும் முன்வருதல் வேண்டும்.

கப்பலை மீட்க முடியாவிடினும் அதன் வரலாற்றை மீட்கலாம். தலைமன்னார் இறங்குதுறையை ஒட்டி ஒரு காட்சிச்சாலை அமைப்பது பெருஞ்செலவுக்குரிய காரியமன்று. தகரத் துண்டுகள், பழைய கடவுச்சீட்டுகள், பயணச்சீட்டுகள் பல வீடுகளின் தகரப் பெட்டிகளில் இன்னும் கிடக்கக்கூடும். ஒப்பாரிக் கோச்சியை வழியனுப்பச் சென்ற சிறுவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்களது வாய்மொழியைப் பதிவுசெய்யும் பணியைப் பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகமே தன் மாகாணத் தோட்டங்களில் தொடங்கலாம்; அதற்குக் கப்பல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.