மனசைப் படிக்கும் மந்திரம்: ரோல்பிளேயில் இதை நியாயமாக ஆடுவது எப்படி?

நாலு துண்டுச் சீட்டு. ராஜா, ராணி, போலீஸ், திருடன். பள்ளிக்கூட நாட்களில் இதை ஆடாதவர்கள் நம்மில் குறைவு. போலீஸ் சீட்டு வந்தவருக்கு ஒரே வேலைதான். மற்றவர்களின் முகத்தைப் பார்த்து, திருடன் யார் என்று சொல்ல வேண்டும்.

இப்போது போலீஸுக்கு மட்டும் மடித்த சீட்டுக்குள் இருப்பதைப் பார்க்கும் கண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் எத்தனை சுற்று தாங்கும்?

ஃபேன்டஸி ரோல்பிளே ஆடும் குழுக்களில் அடிக்கடி வரும் சண்டையும் இதுதான். யாரோ ஒருவருடைய கதாபாத்திரத்துக்கு மனசைப் படிக்கும் சக்தி இருக்கும். முதல் வாரம் சுவாரசியமாகப் போகும். மூன்றாவது வாரம் பாதிப் பேர் பதில் போடுவதை நிறுத்திவிடுவார்கள். தப்பு அந்த சக்தியில் இல்லை, அதை எழுதும் விதத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில், ஃப்ரீஃபார்ம் ரோல்பிளே என்றால் என்ன?

ஆளுக்கு ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, சேர்ந்து ஒரு கதையை எழுதுவது. அல்லது நேரில் உட்கார்ந்து பேசியே நடத்துவது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் தாயக்கட்டை உண்டு, விதிப்புத்தகம் உண்டு, ஆட்டத்தை நடத்த ஒருவர் உண்டு. ஃப்ரீஃபார்மில் பெரும்பாலும் இது எதுவும் கிடையாது. நான் ஒரு பத்தி எழுதுவேன், நீங்கள் ஒரு பத்தி எழுதுவீர்கள், அவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிப்ட் பார்க்கும் ஒருவர், ஆவடியில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஒருவர், பூந்தமல்லியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வரும் ஒருவர். நேரில் சந்திக்க மாதம் ஒரு ஞாயிறு கிடைத்தாலே பெரிசு. ஆனால் டிஸ்கார்டிலோ வாட்ஸ்அப் குழுவிலோ இவர்கள் தினமும் அரை மணி நேரம் சேர்ந்து ஒரு உலகத்தைக் கட்ட முடியும். செலவில்லாத பொழுதுபோக்கு இது. ஆனால் தாயக்கட்டை இல்லாத ஆட்டத்தில் நடுவர் என்று யாரும் கிடையாது. எல்லாமே ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது?

ஒரு உதாரணம். கதையில் ஒரு வணிகன் இருக்கிறான். அவன் உண்மையில் எதிரி நாட்டு ஒற்றன். அவனை எழுதுபவர் இரண்டு மாதமாக அந்த ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். அங்கே ஒரு குறிசொல்லி வருகிறாள். அவளை எழுதுபவர் இப்படிப் பதிவிடுகிறார்:

‘குறிசொல்லி அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் ஒற்றன் என்று தெரிந்துகொண்டாள். பயத்தில் அவன் மனம் நடுங்கியது.’

மூன்றே வாக்கியம், மூன்று அத்துமீறல்.

ஒன்று, மந்திரம் பலித்ததா இல்லையா என்பதை மந்திரம் போட்டவரே முடிவு செய்துவிட்டார். விளையாடுபவர்கள் இதை ‘காட்மோடிங்’ என்கிறார்கள். தன்னைக் கடவுளாக்கிக்கொள்வது.

இரண்டு, வணிகன் என்ன உணர்ந்தான் என்பதையும் இவரே எழுதிவிட்டார். வணிகன் பயந்தானா, உள்ளுக்குள் சிரித்தானா என்று அவனை எழுதுபவருக்குத்தானே தெரியும்?

மூன்று, கொஞ்சம் நுட்பமானது. அவன் ஒற்றன் என்ற தகவல் குறிசொல்லிக்கு எங்கிருந்து வந்தது? குழுவில் எல்லோரும் படிக்கும் கதாபாத்திரக் குறிப்பில் ஏற்கெனவே இருந்தது. அதாவது, எழுதுபவருக்குத் தெரிந்ததைக் கதாபாத்திரத்துக்குத் தெரிந்ததாக மாற்ற மந்திரம் ஒரு சாக்கு. இதற்குப் பெயர் ‘மெட்டாகேமிங்’.

இதில் போவது ஒரு ரகசியம் மட்டும் இல்லை. அந்த ரகசியத்தை எப்போது, யாரிடம், எந்த இடத்தில் உடைப்பது என்ற தருணம் அந்த எழுத்தாளருடையது. அவர் இரண்டு மாதம் காத்திருந்ததே அதற்காகத்தான். பொதுவாக வாதாடத் தெரிந்தவர் சண்டை போடுவார். கூச்ச சுபாவம் உள்ளவர் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விடுவார்.

விதிப்புத்தகங்கள் என்ன செய்தன?

தாயக்கட்டை விளையாட்டுகள் இந்தச் சிக்கலை முன்பே பார்த்துவிட்டன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் ‘டிடெக்ட் தாட்ஸ்’ என்ற மந்திரம் உண்டு. அதில் முதலில் கிடைப்பது மேலோட்டமான நினைப்பு மட்டும்தான். ஆழமாகத் தோண்டினால் எதிராளி தாயம் உருட்டித் தடுத்துப் பார்க்கலாம். தன் மனசை யாரோ நோண்டுகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். ‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ மந்திரத்துக்குள் சிக்கியவர் வேண்டுமென்றே பொய் சொல்ல முடியாது. ஆனால் வாயைத் திறக்காமல் இருக்கலாம், மழுப்பலாகவும் பேசலாம்.

இன்னொரு மாற்றமும் கவனிக்க வேண்டியது. மூன்றாம் பதிப்பில் பாலடின் என்ற வீரன், எதிரே நிற்கும் மனிதன் கெட்டவனா என்று மந்திரத்தாலேயே கண்டுபிடிக்க முடிந்தது. 2014 பதிப்பில் அந்த மந்திரம் பேய், பிசாசு, தேவதை போன்ற அமானுஷ்ய உயிர்களைத்தான் காட்டும். சாதாரண மனிதன் நல்லவனா கெட்டவனா என்பதைப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘மாஃபியா’ பார்ட்டி கேமிலும் இதே தர்க்கம்தான். 1986-ல் மாஸ்கோவில் டிமிட்ரி டேவிடாஃப் உருவாக்கிய ஆட்டம் அது. அதன் ‘வேர்வுல்ஃப்’ வடிவத்தில் வரும் ‘சீர்’ ஒரு இரவுக்கு ஒருவரை மட்டுமே சோதிக்கலாம். உண்மை தெரிந்தாலும் ஊரை நம்பவைக்க வேண்டும். அதிகம் பேசினால் அடுத்த இரவு ஓநாய்க்கு இரை அவர்தான்.

நம்ம கதைகளில் இது புதுசா?

இல்லவே இல்லை. வட தமிழகத் தெருக்கூத்தில் ஆடப்படும் அரவான் களபலியை எடுத்துக்கொள்ளுங்கள். சகாதேவன் எல்லாம் அறிந்தவன். போருக்கு முன் களபலி கொடுக்க நல்ல நாள் எது என்று துரியோதனன் கேட்டுப் போவது, எதிரணியில் இருக்கும் அவனிடம்தான். சகாதேவன் பொய் சொல்லவில்லை. சரியான நாளையே குறித்துக் கொடுக்கிறான். தன் அண்ணன் தம்பிகளே தோற்றுவிடக்கூடிய பதில் அது. அதற்குப் பிறகுதான் கண்ணன் புகுந்து அமாவாசையையே முன்கூட்டி வரவழைப்பதும், அரவான் பலியாவதும்.

எல்லாம் தெரிந்த ஒருவன் கதைக்குள் இருந்தும் கதை சாகவில்லை. ஏன்? கேட்டால் உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும், கேட்பது எதிரியாக இருந்தாலும். அந்தக் கட்டுப்பாடுதான் அவன் சக்திக்கான விலை. கதையைப் பிறக்கவைத்ததும் அந்த விலைதான்.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. அமைச்சருக்கும் இது தேவை, காதலருக்கும் இது தேவை. அந்தச் சொல்லிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். குறிப்பைத் தருபவர் ஒருவர், அறிபவர் ஒருவர். தருபவர் இல்லாமல் அறிவதற்கு ஒன்றும் இல்லை.

அப்போ நியாயமாக எழுதுவது எப்படி?

என் பதில் ஒரே வரி: கேள்வி உங்களுடையது, பதில் அவங்களுடையது. அதே காட்சியை மாற்றிப் பார்க்கலாம்.

‘குறிசொல்லி ரேகை பார்ப்பதுபோல் அவன் கையைப் பிடித்தாள். அவன் மனசின் மேல்தட்டில் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்க்க முயன்றாள்.’

இங்கே நிறுத்திவிட வேண்டும். ‘முயன்றாள்’ என்ற ஒரு சொல்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. இப்போது வணிகனை எழுதுபவரின் முறை:

‘நெல் மூட்டைக் கணக்கு. அதற்குக் கீழே பூட்டிய ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தையின் அழுகை.’

அவன் ஒற்றன் என்பது இன்னும் வெளியே வரவில்லை. ஆனால் பார்த்தவளுக்கு வெறுங்கையும் இல்லை. யார் அந்தக் குழந்தை? பிணைக்கைதியா? அவன் விரும்பித்தான் ஒற்றன் ஆனானா? ஒரு ரகசியத்தைப் பறித்திருந்தால் ஒரு பதிலோடு முடிந்திருக்கும். கேட்டதால் மூன்று கேள்வி கிடைத்திருக்கிறது.

எதிர்த்தரப்புக்கும் கடமை உண்டு

இன்னொரு பக்கத்தையும் பேசியாக வேண்டும். மனசைப் படிக்கும் பாத்திரத்தை ஆசையாக உருவாக்கியவரிடம், ஒவ்வொரு முறையும் ‘என் மனசு இரும்புக் கோட்டை, ஒன்றும் தெரியவில்லை’ என்று எழுதினால் அதுவும் அநியாயம்தான். மற்றவர்களின் கத்தி வெட்டும், நெருப்பு சுடும், இவருடைய சக்தி மட்டும் எப்போதும் தோற்கும் என்றால் அவர் எதற்கு ஆட வேண்டும்? முழு உண்மை வேண்டாம். ஒரு துணுக்கு, ஒரு வாசனை, தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்புள்ள ஒரு படம். ஏதோ ஒன்று கொடுத்தே ஆக வேண்டும்.

ஆட்டம் தொடங்கும் முன் பேசிக்கொள்ள வேண்டியவை

• மந்திரத்தின் எல்லை என்ன? உணர்ச்சி மட்டுமா, நினைவுகளுமா?

• விலை என்ன? தலைவலியா, தன் ரகசியம் ஒன்று எதிராளிக்குத் தெரிவதா?

• படிக்கப்படுபவருக்கு அது தெரியுமா?

• எதைத் தொடவே கூடாது? வன்கொடுமை, தற்கொலை போன்ற நினைவுகளைத் தோண்டுவது கதாபாத்திரத்தைத் தாண்டி, அதை எழுதும் மனிதரையே காயப்படுத்தலாம். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் அறிமுகப்படுத்திய ‘எக்ஸ்-கார்டு’ முறையில், யார் வேண்டுமானாலும் கார்டைத் தொட்டால் போதும், அந்தப் பகுதியை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. சாட்டில் ஒரு எமோஜியே அந்த வேலையைச் செய்யும்.

‘வெறும் கதைதானே, இதுக்கு இவ்வளவு சட்டமா?’ என்று கேட்கலாம். கதைதான். ஆனால் அதை எழுத ஒருவர் ஷிப்ட் முடிந்த களைப்போடு உட்கார்ந்திருக்கிறார். அவர் உருவாக்கிய மனசுக்குள் போக வேண்டுமானால், கதவைத் தட்டிவிட்டுப் போவதுதான் மரியாதை.